கரை டாலர் ஈட்டாது

2023 டிசம்பரில் ஆசிய வளர்ச்சி வங்கி வங்கதேசத்துக்கு 40 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. காலநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்கும், எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் வளர்ச்சிக்கான திட்டம் என்பது அதன் பெயர். 2025 ஜூனில் அதே திட்டத்தின் இரண்டாம் பகுதிக்கு இன்னொரு 40 கோடி டாலர். இந்த 80 கோடியில் எந்த ஆற்றங்கரை உயர்ந்தது, எந்த ஊரில் புயல் பாதுகாப்பு மையம் எழுந்தது என்று யாராவது தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அந்த வேலைக்குக் கொடுத்த பணமே அல்ல அது.

வளர்ச்சி வங்கிகள் கொடுக்கும் கடனில் நமக்குப் பழக்கமானது திட்டக் கடன். கரை, பாலம், வடிகால் என்று ஒரு வேலையைக் காட்டி வாங்குவது. வேலை நடக்க நடக்கப் பணம் வரும். சென்னையில் கொசஸ்தலையாற்றுப் படுகை மழைநீர் வடிகாலுக்கு இதே ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் ஒப்புக்கொண்ட 25.1 கோடி டாலர் அந்த வகை. தோண்டிய தெருவைப் பார்த்துத் திட்டலாம், பாராட்டலாம். பார்க்கவாவது ஒன்று இருக்கிறது. வங்கதேசத்துக்குப் போனது கொள்கைவழிக் கடன். அதில் கணக்குப் பார்ப்பது ஓர் அட்டவணையைக் கொண்டு. இன்ன கொள்கையை அமைச்சரவை ஏற்க வேண்டும், இன்ன வழிகாட்டி நெறி அரசாணையாக வர வேண்டும், வரவுசெலவுத் திட்டத்தில் காலநிலைச் செலவைத் தனியே காட்ட வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். வரிகளெல்லாம் நிறைவேறிவிட்டதாக வங்கி ஒப்புக்கொண்டால் டாலர் நாட்டின் மைய வங்கிக்கு வந்துசேரும், அதற்கு ஈடான உள்நாட்டு நாணயம் அரசுக் கருவூலத்தில் வரவாகும். அதன்பின் அது பொதுப் பணம். ஆசிரியர் சம்பளத்துக்கும் போகலாம், உர மானியத்துக்கும் போகலாம், பழைய கடனின் தவணைக்கும் போகலாம்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. வங்கதேசத்துக்கு அந்த நேரத்தில் டாலர் தேவைப்பட்டது. 2021 ஆகஸ்ட்டில் 4,800 கோடி டாலரைத் தொட்டிருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, உக்ரைன் போருக்குப் பின் எரிபொருளும் உரமும் விலையேறியதில் மளமளவெனக் கரைந்தது. 2023 ஜனவரியில் பன்னாட்டு நாணய நிதியம் 470 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டபோது, அதில் 140 கோடி 'தாங்குதிறன்' என்ற புதிய கணக்கிலிருந்து வந்தது. ஆசியாவில் அந்தக் கணக்கில் கை வைத்த முதல் நாடு வங்கதேசம். செலாவணி முடைக்கு வந்த மருந்தின் மேல் காலநிலை என்ற சீட்டு ஒட்டப்பட்டிருந்தது என்று சொன்னால் அது முழு உண்மையும் ஆகாது, பொய்யும் ஆகாது. பன்னாட்டு நிதிக்கு இப்போது அந்தப் பெயரில்தான் கதவு எளிதாகத் திறக்கிறது. டாக்காவின் நிதியமைச்சகம் அதை அறியாததல்ல.

என் கேள்வி வேறு. கடலோரத்தில் வெளிநாட்டுப் பணம் அறுபது ஆண்டுகளாகப் புரண்டுகொண்டிருக்கும் நாடு அது. அங்கே எது நின்றது, எது நிற்கவில்லை என்பதற்குச் சான்று ஏராளம். அந்தச் சான்று, இப்போது கொடுக்கும் கடனின் அட்டவணையில் இருக்கிறதா?

1960-களில், அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, அமெரிக்க உதவியோடு கடலோரக் கரைத் திட்டம் தொடங்கியது. ஆறுகளுக்கு நடுவே இருந்த தாழ்நிலங்களை நாற்புறமும் மண்கரையால் வளைத்து, மதகு வைத்து, உப்புநீரை வெளியே நிறுத்துவது திட்டம். டச்சுக்காரர்களின் சொல்லால் இவற்றைப் போல்டர் என்கிறார்கள். இன்று கடலோரத்தில் 139 போல்டர்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 12 லட்சம் ஹெக்டேர் நிலம் அவற்றுக்குள் அடங்கும். முதல் பத்துப் பதினைந்து ஆண்டு நெல் நன்றாக விளைந்தது. ஆனால் வங்கக் கழிமுகத்து ஆறுகள் வண்டலைச் சுமந்து வருபவை. முன்பெல்லாம் ஓதம் ஏறும்போது அந்த வண்டல் வயலில் படியும், வற்றும்போது தெளிந்த நீர் திரும்பிப் போகும். நிலம் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக உயரும். கரை வந்ததும் வண்டலுக்கு வயல் மூடப்பட்டது. அது ஆற்றின் வயிற்றிலேயே படிந்தது. ஆறு மேடாயிற்று, நிலம் பள்ளமாயிற்று, மழைநீர் வடிய வழியில்லை.

குல்னா மாவட்டத்தின் பில் டாக்காத்தியா என்ற பெரிய தாழ்நிலம் (தாழ்நிலத்துக்கு வங்காளத்தில் பில் என்று பெயர்) 1980-களில் ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. மனுக் கொடுத்துச் சலித்துப்போன மக்கள் 1990-இல் தாங்களே கரையை வெட்டிவிட்டார்கள். அரசு அவர்களைச் சட்டத்தை மீறியவர்கள் என்றது. பிறகு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு குல்னா–ஜெஸ்ஸூர் வடிகால் சீரமைப்புத் திட்டம் வந்தது. பொறியாளர்கள் முன்வைத்த தீர்வு, பெரிய மதகுகள், இன்னும் கட்டுமானம். ஊர்க்காரர்கள் கேட்டது வங்காளத்தில் அவர்கள் ஜோவார்-பாட்டா என்று சொல்லும் ஏற்றவற்றத்தை. ஒரு பில்லைத் தேர்ந்து, சில ஆண்டுகளுக்குக் கரையைத் திறந்துவிட்டு, ஓதத்தை உள்ளே வர விடுங்கள்; வண்டல் நிலத்தில் படியும், வற்றும் நீரின் விசையில் ஆறு தானே ஆழமாகும் என்றார்கள். யாரும் கேட்கவில்லை. 1997-இல் பைனா பில்லின் கரையை மக்கள் மறுபடி வெட்டினார்கள். ஹரி ஆறு ஆழமாயிற்று, பில் மேடாகி, பின்னர் சாகுபடிக்கு வந்தது. கண்முன்னே நடந்ததை மறுக்க முடியாமல் திட்டம் தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. 'ஓத ஆற்று மேலாண்மை' என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் கிடைத்தது. கடன் வாங்கிய அரசும் கொடுத்த வங்கியும் தங்கள் திட்டத்தின் சிறந்த பகுதியைச் சட்டவிரோதமாகக் கரை வெட்டியவர்களிடமிருந்து கற்றன.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. அடுத்தடுத்த பில்களில் முறையாகத் திறக்கப் போனபோது இழப்பீடு சிக்கலாயிற்று. ஓதத்துக்கு விட்ட நிலத்தில் சில ஆண்டுகள் விளைச்சல் இருக்காது. அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். பணம் வாங்கப் பட்டா வேண்டும். தாத்தன் பெயரில் கிடக்கும் பட்டாவை மாற்ற அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். குத்தகைக்கு உழுதவனுக்கோ காட்ட ஒரு காகிதமும் இல்லை. 2012-இல் கபாலியா பில்லைத் திறக்கப் போன அதிகாரிகளை ஊர் மக்கள் விரட்டியடித்தார்கள். எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் வளர்ச்சி என்று இன்று கடன் ஆவணங்களின் தலைப்பில் நிற்பது, கிராமத்தில் இந்தப் பட்டாச் சிக்கலாகத்தான் வந்து நிற்கிறது. நல்ல பொறியியலும் அதில் இடறி விழுந்தது.

வண்டலைப் பற்றி ஊர்க்காரர்கள் சொன்னதை விஞ்ஞானமும் பின்னால் உறுதிசெய்தது. 2009 மே மாதம் வந்த அய்லா புயலில் 32-ஆம் எண் போல்டரின் கரை பல இடங்களில் உடைந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓதம் தங்குதடையின்றி உள்ளே வந்து போயிற்று. மக்கள் கரையின் முதுகில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அந்த நிலத்தை அளந்த ஆய்வாளர்களின் முடிவு 2015-இல் வெளியானது: பக்கத்தில் கரையில்லாத சுந்தரவனக் காட்டு நிலத்தைவிடப் போல்டர் நிலம் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தாழ்ந்திருந்தது. கடல் ஏறியது அதில் சிறு பங்கு. கரைக்குள் வண்டல் வராமல் போனதுதான் பெரும் பங்கு. உடைப்பால் வந்த அந்த இரண்டு ஆண்டுத் துன்பத்தில் பல பத்து சென்டிமீட்டர் வண்டலும் படிந்திருந்தது.

இறால் கதையும் இதோடு சேர்ந்ததே. 1980-களில் ஏற்றுமதி வருமானத்துக்காக இறால் வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது. உலக வங்கியின் கடனும் அதற்கு வந்தது. உப்பைத் தடுக்கக் கட்டிய கரையில் குழாய் செருகி உப்புநீரை உள்ளே இழுத்தார்கள். பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பணக்காரர்கள். 22-ஆம் போல்டரில் நிலமற்ற மக்கள் இறாலை நுழையவிடாமல் எதிர்த்து நின்றார்கள். 1990 நவம்பர் 7 அன்று ஹரின்கோலாவில் எதிர்ப்பு ஊர்வலத்தின் முன்னால் நின்ற கருணாமயி சர்தார் என்ற பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடுகிறார்கள். குழாய் செருகிப் பலவீனமான கரைகளைச் சீரமைக்க 2013-இல் உலக வங்கி மறுபடி 37.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 17 போல்டர்கள் என்று தொடங்கிய அந்தத் திட்டம் செலவும் காலமும் கூடி 10 போல்டர்களில் சுருங்கியது. கரை, இறால், மறுபடி கரை: மூன்றுக்கும் வெளிநாட்டுப் பணம். பின்னிரண்டின் கடனையும் அடைப்பது ஒரே நாடு.

இவ்வளவும் சொன்னபின், பலித்த வேலையையும் சொல்ல வேண்டும். 1970 நவம்பரில் போலா புயலில் செத்தவர்கள் குறைந்தது மூன்று லட்சம் பேர். 1991 ஏப்ரல் புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர். 2007 நவம்பர் சித்ர் புயலில் சுமார் 3,400. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்குக்கு நடுவே, அம்பன் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் சில பத்துப் பேர். எந்த ஏழை நாட்டிலும் இப்படி ஒரு சரிவை எளிதில் காட்ட முடியாது.

இதற்கு அடித்தளம் மலிவானது. 1972-இல் செஞ்சிலுவை அமைப்பு தொடங்கி, அடுத்த ஆண்டு அரசும் கைகோத்த புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் இன்று 76,000-க்கு மேல் தன்னார்வலர்கள்; அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கையில் ஒலிபெருக்கி, கம்பத்தில் கொடி. அபாயம் கூடக் கூடக் கொடியின் எண்ணிக்கை கூடும். மூன்று கொடி ஏறினால் ஊர் கிளம்ப வேண்டும். 1991-இல் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் மாண்டார்கள். வீட்டு ஆண் வரட்டும் என்று காத்திருந்தவர்கள், அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் நெருக்கியடித்து இருக்கத் தயங்கியவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சேலையோடு நீந்த முடியாதவர்கள். வீடு வீடாகப் போய் அழைக்கப் பெண் தன்னார்வலர் வந்ததும், மையங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் வந்ததும் அதற்குப் பிறகுதான். மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றவர்களுக்காகக் கால்நடைக்கும் மேட்டிடமும் சாய்தளமும் சேர்த்தார்கள். 'உள்ளடக்கிய வளர்ச்சி'யைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் அந்தச் சாய்தளத்தைப் பார்க்கலாம்.

இங்கே கடனுக்கும் பங்குண்டு. 2014-இல் உலக வங்கி பல்நோக்குப் பேரிடர் மையங்களுக்கென 37.5 கோடி டாலர் கொடுத்தது. 552 புதிய மையங்கள், பழையவற்றின் பழுதுபார்ப்பு, மையத்துக்குப் போகும் சாலை. இந்தக் கட்டடங்கள் வருடம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகள். பிள்ளைகள் தினமும் வருவதால் கதவு துருப்பிடிப்பதில்லை, கூரை ஒழுகினால் தலைமையாசிரியர் புகார் எழுதுகிறார். கரைக்கு அப்படி ஒரு தலைமையாசிரியர் இல்லை. புதுக்கரை கட்டக் கடன் வரும். அதன் மேல் நண்டுவளை விழுந்தால், மழையில் சரிந்தால், அடைக்கக் காசு உள்நாட்டு வரவுசெலவில் தேட வேண்டும். அது எப்போதும் போதாது. சிறு சரிவு பெரிய உடைப்பாகும்வரை காத்திருந்து, மறுபடி கடன் கேட்பது பழக்கமாகிவிட்டது. வரி வசூல் நாட்டு உற்பத்தியில் எட்டு விழுக்காட்டைக்கூட எட்டாத அரசு வேறென்ன செய்யும் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கொள்கை அட்டவணைகளில் வரவேண்டிய முதல் வரி இந்தப் பராமரிப்புக் காசு என்பது என் வாதம். எத்தனை ஆவணம் நிறைவேறியது என்பதைவிட, நீர்வளர்ச்சி வாரியத்தின் பராமரிப்புக் கணக்கில் ஆண்டுக்கு எவ்வளவு ஏறியது, அதில் எவ்வளவு கிராமத்து நீர்க் குழுவின் கைக்குப் போனது என்று பார்த்துப் பணம் விடுவித்தால், 40 கோடி டாலருக்குக் கடலோரத்தில் ஒரு பொருள் இருக்கும்.

வங்கிகளின் மேல் எல்லாப் பழியையும் போடுவதும் சரியல்ல. கரையின் புறச்சரிவில் அரசு நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவர்களுக்கு உள்நாட்டு நில எடுப்புச் சட்டம் ஒன்றும் தராது. உலக வங்கியின் மறுகுடியமர்வு விதி, பட்டா இல்லாதவர்களுக்கும் உதவி கொடுத்தாக வேண்டும் என்கிறது. அந்த ஒரு விதியால் ஏதோ கொஞ்சம் கையில் பெற்றவர்கள் உண்டு. உள்நாட்டு அரசியலும் சுத்தமில்லை. 2024 ஆகஸ்ட்டில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்தபின், பொருளியலாளர் தேபப்ரிய பட்டாச்சார்யா தலைமையிலான குழு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2009 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரி 1,600 கோடி டாலர் சட்டவிரோதமாக வெளியேறியதாக மதிப்பிட்டது. அந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்தால் காலநிலைக் கடன்கள் சில்லறை. ஆனால் போன பணத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. கடனை அடுத்து வரும் ஆட்சிகள் அடைத்தே ஆக வேண்டும்.

அடைப்பது எதைக் கொண்டு? துறைமுகத்துக்கோ மின்நிலையத்துக்கோ வாங்கிய கடன், ஓரளவு தன் வருமானத்திலேயே தன்னை அடைக்க வழியுண்டு. கரை எதையும் விற்பதில்லை. அது செய்வது இழப்பைத் தவிர்ப்பது. செத்திருக்கக்கூடியவர் சாகவில்லை, அழிந்திருக்கக்கூடிய நெல் அழியவில்லை. விலைமதிப்பற்ற லாபம், ஆனால் அது உள்நாட்டு நாணயத்தில்கூடக் கைக்கு வராத லாபம், டாலரில் சொல்லவே வேண்டாம். தவணையோ டாலரில். அதை ஈட்டித் தருவது டாக்காவையும் சிட்டகாங்கையும் சுற்றியுள்ள ஆயத்த ஆடை ஆலைகளும், வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணமும். ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடை. அந்த ஆலைகளில் தைக்கும் பெண்களில் பலர், உப்பேறிய ஊரை விட்டு வந்தவர்கள். ஊரைக் காப்பதற்கு வாங்கிய கடனுக்கு ஊரை விட்டு வந்தவர்கள் தவணை கட்டுகிறார்கள்.

அந்தத் தவணையும் ஏறுகிறது. ஒரு காலத்தில் உலக வங்கியின் சலுகைக் கடனுக்கு முக்கால் விழுக்காடு சேவைக் கட்டணம்தான். நாற்பது ஆண்டில் அடைத்தால் போதும். 2015-இல் வங்கதேசம் கீழ்-நடுத்தர வருமான நாடாக உயர்ந்தது. வருமானம் உயர்ந்ததால் 2018 முதல் கட்டணமும் வட்டியும் சேர்ந்து இரண்டு விழுக்காடு, தவணைக் காலம் முப்பது ஆண்டு. ஆசிய வளர்ச்சி வங்கியின் சாதாரணக் கடன் சந்தை வட்டியைப் பின்தொடர்வது. 2023-இல் அந்த அடிப்படை வட்டியே ஐந்து விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. நாட்டின் வெளிநாட்டுக் கடன் தவணை 2023–24 நிதியாண்டில் 300 கோடி டாலரைத் தாண்டி, அடுத்த ஆண்டே 400 கோடிக்கு மேல் போனது. முன்னேறியதற்குத் தண்டனைபோல இது தோன்றினால், அப்படித் தோன்றுவதில் தவறில்லை. வருமானம் உயர்ந்த அளவுக்குக் கடல் தாழவில்லையே.

உலகத்தின் பைங்குடில் வாயுவில் வங்கதேசத்தின் பங்கு அரை விழுக்காட்டைச் சுற்றித்தான். 2022-இல் அந்நாடு வகுத்த தேசியத் தகவமைப்புத் திட்டத்துக்கு 2050 வரை 23,000 கோடி டாலர் வேண்டும். ஆண்டுக்கு 850 கோடி. பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் வாக்களித்த ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர், 2022-இல்தான் முதல்முறை எட்டப்பட்டது. அந்த ஆண்டு அரசுகள் வழியாக வந்த காலநிலை நிதியில் பத்தில் ஏறத்தாழ ஏழு பங்கு கடன், மூன்று பங்குக்கும் குறைவாக மானியம். பசுமைக் காலநிலை நிதியம் 2018-இல் குல்னா, சாத்கிரா மாவட்டங்களின் உப்பேறிய கிராமங்களில் மழைநீர்த் தொட்டிக்கும் பெண்களின் பிழைப்புக்குமாக ஏறத்தாழ 2.5 கோடி டாலர் மானியம் தந்தது. தொட்டி வந்த வீட்டில் பெண் குடத்தோடு மைல்கணக்கில் நடப்பது நின்றது. 2.5 கோடியையும் 80 கோடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடிநீர்த் தொட்டிக்குக் கிடைத்த மானியமும் ஆவணங்களுக்குக் கிடைத்த கடனும் அந்த அளவில் இருக்கின்றன.

இன்னொரு கடனும் உண்டு, எந்த அட்டவணையிலும் ஏறாதது. பன்னாட்டுச் சுற்றுச்சூழல், வளர்ச்சி நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வங்கதேசக் கிராமக் குடும்பங்கள் வீட்டை உயர்த்த, கூரை மாற்ற, மாடு வாங்க என்று இயற்கைச் சீற்றத்தைச் சமாளிக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் தம் கைக்காசைச் செலவிடுகின்றன. அரசு செலவிடுவதைப்போல அது இருமடங்கு. பன்னாட்டு அமைப்புகள் தருவதைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். அதற்காகப் பலர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். பாதிக்கப்பட்டவரே பெரிய நிதியாளர். வளர்ச்சி வங்கிகளின் அறிக்கைகளில் இணைநிதியளித்தோர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

கரைக்கும் குடிநீருக்கும் வரும் பணம் மானியமாக இருக்க வேண்டும். கடனாகத்தான் வருமென்றால் பழைய முக்கால் விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்கக் கூடாது. கொள்கைவழிக் கடனைக் காலநிலை நிதிக் கணக்கில் சேர்த்துக் காட்டுவதை நிறுத்த வேண்டும். செலாவணி முடைக்குக் கொடுப்பதை அந்தப் பெயரிலேயே கொடுக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மிகவும் வளர்ச்சி குன்றிய நாடுகளின் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேறுவதற்கு ஐக்கிய நாடுகள் அவை குறித்த நாள் 2026 நவம்பர் 24. அந்தப் பட்டியலில் இருப்பதற்காக ஆடை ஏற்றுமதிக்குக் கிடைத்துவரும் வரிச் சலுகைகள் அதன்பின் படிப்படியாகக் குறையும். கடன் தவணை குறையாது.